வைத்தியின் ஸ்பிரிங் சைக்கிள்

ஸ்ரீவைகுண்டத்தில் வைத்தி என்று கேட்டால் எந்த வைத்தி என்பார்கள். நாலு கோயில் வைத்தி என்றால் உடனே கை காட்டிவிடுவார்கள். ஊர்க்கோடியில் ஒரு சிவன் கோயில், வடகால் என்கிற கால்வாயின் கரையை ஒட்டி ஒரு அம்பாள் சன்னிதி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இன்னொரு சிவன், எல்லாம் தாண்டிக் குளத்தங்கரையில் ஒரு பிள்ளையார். நாலுக்கும் தினம் ஒரு கால பூஜை. நாலுக்கும் அவர் ஒருவர்தான்.

விடிந்ததும் மனைவி பாலாம்பாள் நைவேத்தியத்துக்குச் சோறு வடித்துப் பித்தளைத் தூக்கில் போட்டுக் கொடுப்பாள். பால் ஒரு சொம்பில், பூ ஒரு குடலையில், எண்ணெய் ஒரு பாட்டிலில். எல்லாவற்றையும் சைக்கிள் கேரியரிலும் ஹாண்டில்பாரிலுமாகக் கட்டிக்கொண்டு கிளம்புவார். கால்வாய்க் கரைப் பாதை முழுக்க வண்டித் தடமும் உருட்டுக் கல்லும்தான். பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பாலில் பாதி சொம்பில் இருக்கும், மீதி வேட்டியில் இருக்கும். திரும்பி வந்து சாப்பிட்டு உட்கார்ந்தால் முதுகு பலகை மாதிரி விறைத்துப் போயிருக்கும். பாலாம்பாள் தைலம் தேய்த்துவிடுவாள். இந்த நாலு கோயில் ஓட்டம் அவருடைய பதினேழாவது வயதில் ஆரம்பித்தது. அந்த வருஷம்தான் அப்பா போனார். தம்பி ஹரிநாராயணனுக்கு அப்போது ஏழு வயது. வைத்தி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குடலையைக் கையில் எடுத்தார். அதைப் பற்றி அவர் குறைபட்டுக்கொண்டதில்லை. யாராவது செய்ய வேண்டும், தான் செய்தோம் என்பதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

ஹரி நன்றாகப் படித்தான். என்ஜினீயரிங் முடித்து அமெரிக்கா போனான். போனவன் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி எதிலும் சேரவில்லை. மேற்குக் கரையில் ஏதோ ஒரு மலையடிவார ஊரில் சைக்கிள் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். ஊரில் இதைச் சொல்ல பாலாம்பாளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அமெரிக்காவில் தம்பி என்ன செய்யுதாரு என்று கேட்பவர்களிடம் மிஷின் கம்பெனி என்று சொல்லிவைத்தாள்.

தொண்ணூற்றொன்பது பொங்கலுக்கு ஹரி ஊருக்கு வந்தான். கூடவே ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி. வாசலில் வைத்துப் பிரித்தபோது தெருவே கூடிவிட்டது. உள்ளே இருந்தது சைக்கிள்தான், ஆனால் யாரும் பார்த்த சைக்கிள் மாதிரி இல்லை. டயர் மோட்டார் சைக்கிள் டயர் போலக் கனத்து, பல் பல்லாக இருந்தது. முன்சக்கரத்தை இரண்டு தடித்த குழாய்கள் பிடித்திருந்தன. நடுவில், சீட்டுக்குக் கீழே, ஒரு பெரிய ஸ்பிரிங். சீட்டைப் பிடித்து அமுக்கினால் சைக்கிள் உட்கார்ந்து எழுந்தது. ஹாண்டில்பார் நுகத்தடி அகலத்துக்கு இருந்தது. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணி கூட இல்லை.

இது மலைமேலிருந்து இறங்குவதற்கான சைக்கிள் என்று ஹரி விளக்கினான். பாறை, வேர், பள்ளம் எது வந்தாலும் நிறுத்தாமல் போகலாம், மேட்டிலிருந்து குதிக்கலாம். முன்னாலும் பின்னாலும் ஆறு அங்குலத்துக்கு அமுங்கிக் கொடுக்கும். பின்பக்கம் அமுங்குகிற அமைப்பை வரைந்தவனே அவன்தான். அங்கே அந்த மாதிரி ஓட்டுவதற்கு ஃப்ரீரைடு என்று பெயர் வைத்து ஒரு கூட்டமே சுற்றுகிறது என்றான்.

“இறங்கறதுக்குன்னே ஒரு சைக்கிளாடா?” என்றார் வைத்தி. “ஏறறதுக்கு?”

“ஜீப்ல ஏத்திண்டு போயிடுவா அண்ணா.”

வைத்திக்கு அது புரியவில்லை. ஆனாலும் தம்பி மெனக்கெட்டுச் செய்த சாமான் என்பதால் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு நாள் இருவரும் வாடகை ஜீப்பில் மணிமுத்தாற்றுக்கு மேலே போனார்கள். ஹரி தலையில் கவசம் மாட்டிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கினான். வைத்தி ஜீப்பில் பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் தம்பி கண்ணுக்கு மறையும்போது அவருக்கு உயிர் போய் வந்தது.

ஹரி சைக்கிளைக் கொண்டுவந்தது விளையாடுவதற்காக மட்டும் இல்லை. இந்த வெயிலிலும் புழுதியிலும் சேற்றிலும் அது எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனியில் ஓட்டிப் பார்ப்பவர்கள் எல்லாரும் பழகினவர்கள், நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார்கள். அண்ணா தினமும் ஒரே பாதையில், ஒரே பாரத்தோடு போகிறவர். அவர் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். லீவு முடிந்து கிளம்பும்போது ஹரி இதைத்தான் கேட்டுக்கொண்டான்.

வைத்தி அதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டார். தம்பி தன்னிடம் எதையும் கேட்டதாக அது வரைக்கும் அவருக்கு நினைவில்லை.

முதல் நாளே அவமானம். ஹாண்டில்பாரில் குடலையைத் தொங்கவிட்டாயிற்று. தூக்குக்குக் கேரியர் வேண்டுமே. கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த குற்றாலலிங்கம் பழைய கேரியர் ஒன்றைப் பின்சக்கரத்துக்கு மேலே மாட்டிக் கொடுத்திருந்தார். முதல் பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கியதும் டயர் மேலே வந்து கேரியரில் இடித்தது. தூக்கு சரிந்து சாதம் மண்ணில் கொட்டியது. வைத்தி வீட்டுக்குத் திரும்பி நடந்தார். பாலாம்பாள் மறுபடி உலை வைத்தாள்.

குற்றாலலிங்கம் விடுகிற ஆள் இல்லை. சாயங்காலம் முழுவதும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து யோசித்தார். “சாமி, பைய இருங்க. சக்கரத்தோட சேந்து ஆடுத எடத்துல வச்சாத்தான தொந்தரவு? நீங்க உக்காருத குழாயிலயே வச்சிட்டா நீங்க ஆடுத மாதிரிதான் அதுவும் ஆடும்” என்றார். சீட்டைத் தாங்குகிற குழாயில் ஒரு பட்டை போட்டு இறுக்கி, டயர் முட்டாத உயரத்தில் புதுக் கேரியர் செய்தார். மறுநாள் பிள்ளையார் கோயிலில் சொம்பைத் திறந்து பார்த்தால் பால் வீட்டில் ஊற்றின அளவு அப்படியே இருந்தது. வைத்தி அதை அபிஷேகம் செய்யும்போது கொஞ்சம் நிதானமாகவே செய்தார்.

ஊருக்குள் அது ஸ்பிரிங் சைக்கிள் ஆயிற்று. பஞ்சகச்சமும் விபூதியுமாக ஒருவர் அந்த அகல ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கரைமேல் போவதைப் பார்க்க முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் பழகிப்போயிற்று. அவருக்கும் பழகியது. கச்சத்தின் நுனி சங்கிலியில் மாட்டாமல் இருக்க ஒரு துணிப்பட்டையால் கணுக்காலோடு கட்டிக்கொள்வார். மாசி கழிந்தபோதுதான் பாலாம்பாள் ஒன்றைக் கவனித்தாள். தைலப் பாட்டில் குறையவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு டெலிபோனுக்கு ஹரி கூப்பிடுவான். வைத்தி நின்றபடியே பதில் சொல்வார். பெடலை அழுத்தினால் பின்பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, பாதிப் பலம் ஸ்பிரிங்குக்கே போய்விடுகிறது என்றார். ஆற்று மணலில் டயர் புதையவில்லை, அது நல்லது. மழை பெய்தால் முதுகு வரைக்கும் சேறு. கனமாக இருக்கிறதா என்று ஹரி கேட்டான். அங்கே எல்லாருடைய புகாரும் அதுதானாம்.

“கனமா? என் பழைய சைக்கிளும் இதே கனம்தான்டா” என்றார் வைத்தி.

மறுமுனையில் ஹரி அதை யாருக்கோ இங்கிலீஷில் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

ஆனி மாதத்தில்தான் அது நடந்தது. மேற்கேயிருந்து காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. இரண்டாவது கோயிலை முடித்துவிட்டு வைத்தி கரைமேல் காற்று தள்ளத் தள்ளப் போய்க்கொண்டிருந்தார். கரையின் ஒரு பக்கம் கால்வாய், நிறையத் தண்ணீர். மறுபக்கம் ஓர் ஆள் உயரப் பள்ளத்தில் உழுது போட்ட வயல். பூவரச மரங்கள் இருக்கிற வளைவில் திரும்பினார். எதிரே வாழைத்தார் ஏற்றின டிராக்டர் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. அதை ஓட்டிய பிச்சைக்கண்ணு பிரேக்கை மிதித்தான். காற்றுச் சத்தத்தில் இரண்டு பேருக்கும் மற்றவர் வருவது கேட்டிருக்கவில்லை. நிறுத்த இடமில்லை. தண்ணீரா வயலா என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல் வைத்தியின் கை வயல் பக்கம் திரும்பிவிட்டது.

கரையின் விளிம்பு போயிற்று. கீழே ஒன்றுமில்லை. ஒரு கணம் காற்றின் சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது. அடுத்து பூமி வந்தது. எலும்பு நொறுங்கப் போகிறது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். முன்சக்கரம் மண்ணில் இறங்கியது, குழாய்கள் அமுங்கின, பின்பக்கம் ஆழமாக உட்கார்ந்தது. பின் அவரை ஒரு தூக்குத் தூக்கிவிட்டு அடங்கியது. சைக்கிள் உழவுக் கட்டிகள்மேல் குலுங்கிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடி நின்றது. வைத்தி அதன்மேல் உட்கார்ந்தபடியே இருந்தார். தூக்கு கேரியரில் இருந்தது. மூடி திறக்கவில்லை.

பிச்சைக்கண்ணு டிராக்டரை அப்படியே விட்டுவிட்டுச் சரிவில் விழுந்தடித்து ஓடி வந்தான். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

“சாமி, அடி கிடி பட்டுச்சா? ஒண்ணும் ஆவலியே?”

வைத்தி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். பயத்தில் சாமிக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று பிச்சைக்கண்ணு ஓர் அடி பின்வாங்கினான். பிறகு அவனுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் அந்த வயலில் நின்று சிரித்தார்கள். அவனே சைக்கிளைக் கரைமேல் தூக்கிவைத்து அனுப்பினான்.

அன்று மீதிக் கோயில்களிலும் பூஜையை முடித்தார். மந்திரம் தப்பவில்லை. ஆனால் தீபாராதனை காட்டும்போது மனசு முழுக்க அந்த ஒரு கணம்தான், கீழே ஒன்றுமில்லாமல் இருந்த கணம். பதினேழு, பதினெட்டு வயதில், ஆற்று அணைக்கட்டிலிருந்து மற்றப் பையன்கள் தண்ணீரில் குதிக்கும்போது அவர் குடலையோடு அந்தப் பக்கமாகப் போயிருக்கிறார். நின்று பார்த்ததுகூட இல்லை. நேரம் ஆகிவிடும் என்ற நினைப்புதான் அப்போதெல்லாம்.

அடுத்த நாள் நாலு கோயிலையும் முடித்துத் திரும்பும்போது வெயில் உச்சியில் இருந்தது. கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. பூவரச மர வளைவில் இறங்கி நின்றார். காலித் தூக்கையும் சொம்பையும் மரத்தடியில் வைத்தார். சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏறி, மிதித்து வந்து, விளிம்பில் பயந்து நிறுத்திவிட்டார். மறுபடி வந்து மறுபடி நிறுத்தினார். தனக்கு வயது நாற்பத்துமூன்று என்பது ஞாபகம் வந்தது. மூன்றாவது முறை நிறுத்தவில்லை. இறங்கியதும் பின்சக்கரம் உதைத்துத் தள்ளியதில் ஹாண்டில்பாருக்கு மேலாகப் போய் மண்ணில் விழுந்தார். முழங்கை தேய்ந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து வெயில் வேளையில் அது வழக்கமாயிற்று. தினம் ஒரு தடவை, சில நாள் இரண்டு. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார். உண்மையில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரி பின்பக்கத்தைப் பற்றிக் கேட்டான். வைத்தி யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

“எல்லாம் நன்னா இருக்கு. கீழே இறங்கினதும் பின்சக்கரம் மட்டும் கன்னுக்குட்டி மாதிரி உதைக்கறதுடா.”

கரைப் பாதையில் போகிற சைக்கிள் அப்படி உதைக்க வழியே இல்லை என்று அதை வரைந்தவனுக்குத் தெரியாதா?

“அண்ணா, நீ எங்கேர்ந்து இறங்கறே?”

எதிர்வீட்டு மாமி கூடத்தில்தான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வைத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கரையிலேர்ந்து” என்றார். “வயலுக்கு.”

ஹரி அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. கடல் தாண்டி வருகிற சிரிப்பு, டெலிபோனில் இரைச்சலோடு வந்தது. பிறகு அவன் குரல் மாறிவிட்டது. அக்கறையாக ஒவ்வொன்றாகக் கேட்டான். எவ்வளவு உயரம், மண் எப்படி, முன்சக்கரம் முதலில் படுகிறதா பின்சக்கரமா, எழுந்து நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா. ஸ்பிரிங்கின் அடியில் சிவப்பாக ஒரு திருகு இருக்கும், அதைக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு, அமுங்கின ஸ்பிரிங் மெதுவாக எழும் என்றான். குதிக்கும்போது எழுந்து நின்று முழங்காலை மடக்கு என்றான். கடைசியில், தலைக்கவசம் போடாமல் இனி ஒரு தடவைகூடப் போகாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அவன் விட்டுப்போன கவசம் பரண்மேல் இருந்தது.

வைத்தி திருகைத் திருப்பினார். அன்று நடுப்பகல் கரையிலிருந்து இறங்கியபோது உதை இல்லை. மண் அவரை வாங்கி வைத்துக்கொண்டது மாதிரி இருந்தது. வயல் நடுவே நின்று அவர் ஹரி, ஹரி என்று இரண்டு தரம் சொன்னார். தம்பியைச் சொன்னாரா சுவாமியைச் சொன்னாரா என்று அவருக்கே நிச்சயமில்லை.

இந்த மாதிரி விஷயம் கரைமேல் எத்தனை நாள் மறைந்திருக்கும்? ஆடியில் வயல் நடவு ஆனதும் அவர் இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு தரிசுக்கு இடம் மாறினார். அங்கே கால்வாயில் துணி துவைக்க வருகிற பெண்கள் பார்த்துவிட்டார்கள். குளத்தங்கரைப் பிள்ளையார் கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பாபநாசம் பிள்ளை, தாசில்தாராக இருந்து ரிட்டயரானவர். அவரிடமிருந்து ஆள் வந்தது, சாமியை ஒரு நடை வரச்சொன்னார் என்று. வைத்தி ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. நாளையிலிருந்து பழைய சைக்கிளுக்கே திரும்பிவிடுவது என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனார்.

பாபநாசம் பிள்ளை பேப்பரை மடித்து வைத்தார். “கரையில இருந்து பாயுதீராமே?”

வைத்தி தலையாட்டினார்.

“பூசை எதும் தப்புதா?”

“இல்லை.”

“நேரத்துக்கு வாரீரா?”

“முன்னைவிடச் சீக்கிரமா வந்துடறேன்.”

“அது எனக்குத் தெரியும் வே. நாந்தான அங்கன உக்காந்திருக்கேன்.” பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொறவு என்ன? விழுந்து கிழுந்து வைக்காதேயும். உம்மை விட்டா எனக்கு ஆள் கெடையாது.” காப்பி கொடுத்து அனுப்பினார்.

பாலாம்பாளுக்கு எப்போதோ தெரியும். முழங்கைக் காயத்தைப் பார்த்த அன்றைக்கே ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது, துவைக்கிற பெண்கள் மீதியைச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. மத்தியானம் வீட்டுக்குள் வரும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள், அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், வேலை முடிந்து வருகிற அந்த முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

மார்கழிக்கு முன்னால் ஹரி மனைவி ப்ரீத்தியோடு வந்தான். வந்த அன்றே சைக்கிளைப் பிரித்துக் கூடம் முழுவதும் பரப்பினான். பின்பக்கத்தை இணைக்கிற புஷ் வளையம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. முன்குழாயில் எண்ணெய் கசிந்திருந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சாமான் கெட்டுப்போனதற்கு இவன் ஏன் இப்படிப் பூரிக்கிறான் என்று பாலாம்பாள் ப்ரீத்தியிடம் கேட்டாள். அங்கே யாரும் இதைத் தேய்த்துக் காட்டவில்லை, அதனால்தான் என்றாள் ப்ரீத்தி. பெடல் அழுத்தும்போது பின்பக்கம் உட்காருகிறது என்று வைத்தி முதலிலேயே சொன்னதை வைத்து இணைப்பின் இடத்தைக் கொஞ்சம் மாற்றி வரைந்திருக்கிறானாம். கொண்டுவந்திருந்த புதுத் துண்டுகளை மாட்டினான். தேய்ந்ததைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

“இதை நீ திரும்ப எடுத்துண்டு போகணுமோ?” என்று வைத்தி கேட்டார். தம்பி வருவதாகச் சொன்ன நாளிலிருந்து வாய்வரை வந்து வந்து போன கேள்வி.

ஹரி ஸ்பானரைக் கீழே வைத்தான். “உன்னோடது அண்ணா” என்றான்.

வைத்திக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சின்ன வயதிலிருந்து எல்லாவற்றுக்கும் தனக்கு நேரம் இருந்தது, விளையாட மட்டும் இல்லாமல் போயிற்று, அதை நீ பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாய் என்று சொல்லலாம். அந்த வாக்கியம் அவருக்கு வரவில்லை. “ரொம்ப நன்னாப் பண்ணியிருக்கேடா” என்றார். ஹரி தலையைக் குனிந்துகொண்டு, கழற்றாத ஒரு நட்டைத் தேடினான்.

மறுநாள் நாலு பேருமாகக் கரைக்குப் போனார்கள். பாலாம்பாள் காப்பி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டாள், அதற்காகத்தான் வருவது போல. கால்வாயில் பிசான சாகுபடிக்குத் திறந்துவிட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தரிசின் ஓரத்தில் கொக்குகள் நின்றன. வைத்தி கச்சத்தைக் கட்டி, குடுமிக்கு மேலே கவசத்தை அமர்த்தி மாட்டிக்கொண்டு தூரத்திலிருந்து மிதித்து வந்தார். விளிம்பில் எழுந்து நின்றார். சைக்கிளும் அவருமாகக் காற்றில் போய், கீழே இறங்கி, வளைந்து திரும்பி நின்றார்கள். ப்ரீத்தி கை தட்டினாள். ஹரி தட்டவில்லை. தான் காகிதத்தில் கோடு போட்டது இந்த மண்ணில் அண்ணாவின் காலடியில் அமுங்கி எழுந்ததையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வைத்தி நிமிர்ந்து கரைமேல் பாலாம்பாளைத் தேடினார். அவள் பிளாஸ்க்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லப் போகிறாளோ என்றிருந்தது அவருக்கு.

“நான் கண்ணை மூடிண்டுட்டேன்” என்றாள் அவள். “இன்னொரு தரம் பண்ணுங்கோ. பாக்கறேன்.”

வைத்தி சைக்கிளைக் கரைமேல் தள்ளிக்கொண்டு ஏறினார்.